பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் இடையில்

மாண்பகம் மருத்துவமனையில் நோயாளியைப் பார்த்து "என்ன செய்கிறது?" என்று யாரும் கேட்கக் கூடாது. கேட்டால் அவர் பதில் சொல்லிவிடுவார். பதிலில் எந்தச் சொல் வரும் என்று முன்கூட்டியே அறிய வழியில்லை. பாளையங்கோட்டைப் பக்கம் இதைவிடப் பெரிய மருத்துவமனைகள் உண்டு. ஆனால் நோயிடமிருந்து மட்டுமல்லாமல் சொற்களிடமிருந்தும் மக்களைக் காப்பது இது ஒன்றுதான் என்று அதன் தலைவர் குமரகுருபரன் மேடைதோறும் சொல்லி வந்தார்.

அதற்காகவே நுழைவுக் கூடத்தில் ஆளுயரப் படம் ஒன்று இருந்தது. திருவிழாவுக்குத் தட்டி எழுதும் தச்சநல்லூர் ஓவியர் வரைந்தது. சிரித்த முகமும் சரிகை வேட்டியுமாக ஒரு மனிதன். உடம்பெங்கும் எண்கள். உச்சந்தலை ஒன்று, நெற்றி இரண்டு என்று இறங்கி வந்து தொப்புளில் பதினொன்று. அதற்குக் கீழே வேட்டி. மடித்துக் கட்டிய வேட்டி முடியும் இடத்தில் முழங்கால், அது பன்னிரண்டு. பெண்களுக்கான இன்னொரு படத்தில் சேலை கணுக்கால்வரை இறங்கியிருந்ததால், முழங்கால் எங்கே இருக்கக்கூடும் என்று கண்ணியக் குழு கூடி ஊகித்து, அங்கே பன்னிரண்டு என்று எழுதியிருந்தது.

நோயாளி வலிக்கும் இடத்தின் எண்ணைத் தொட வேண்டும். கணினி அவரை அந்த எண்ணின் வரிசைக்கு அனுப்பும். இறைவன் மனித உடம்பைப் படைத்தபோது பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் இடையில் இடைவெளி எதுவும் விடவில்லை. குழு விட்டது.

பேட்டையில் கிரில் பட்டறை வைத்திருக்கும் பீர் முகம்மது தன் மகன் ரசீதைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு அந்தப் படத்தின் முன் வந்து நின்றபோது, காலை வெயில் ஏறிவிட்டது. ரசீதுக்குப் பத்தொன்பது வயது. விடியும் முன்பே வலி தொடங்கியிருந்தது. வயிற்றுவலி என்று சொல்லிக் குப்புறப் படுத்துக் கிடந்தான். வாந்தி எடுத்தபிறகுதான், வலி வயிற்றில் இல்லை என்று சுவரைப் பார்த்தபடி சொன்னான்.

பேட்டையில் இருந்த டாக்டர் அவனைப் பார்த்த உடனே எழுந்துவிட்டார். "விதை முறுக்கிக்கிட்டு, பாய். ரத்தம் போற குழாய் பிழிஞ்ச துணி மாதிரி ஆயிட்டு. ஆறு மணி நேரத்துக்குள்ள திருப்பிவிடணும். அதுல பாதி இவன் வெக்கத்துலயே போயிட்டு. விட்டா அழுகிரும், எடுத்துப் போடுறதத் தவிர வேற வழி இருக்காது. மாண்பகத்துல சிவசண்முகம்னு ஒரு சர்ஜன் இருக்காரு. போன் போட்டா பக்திப் பாட்டுத்தான் கேக்குது, ஒருத்தனும் எடுக்க மாட்டேங்கான். நேராப் போங்க. இன்னொண்ணு, வலி தானா அடங்குனா சந்தோசப்படாதீங்க. அது செத்துக்கிட்டு வருதுன்னு அர்த்தம். அங்கன போயி வாயத் திறந்து சொல்லுங்க, போதும்."

பீர் முகம்மது அந்தச் சொல்லை வாயைத் திறந்து சொல்லிப் பழகியவர் அல்ல. பட்டறையில் அவர் குரல் சாலைவரை கேட்கும். ஆனால் மகனுக்குச் சுன்னத் செய்த நாளில்கூடப் பந்திக்கு எத்தனை பேர் என்பதைப் பற்றி மட்டுமே பேசியவர். ஆட்டோவில் வரும்போது வழியெல்லாம் அந்தச் சொல்லை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். இறங்கும்போது தைரியம் வந்திருந்தது.

"எம் மவனுக்கு…" என்று அவர் தொடங்கியதும், வரவேற்பு மேசையில் இருந்த சந்தனமாரி இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டாள்.

"வாயால சொல்லக் கூடாது அண்ணாச்சி. எண்ணத் தொடுங்க."

"அந்த எடத்துக்கு எண் இல்லியேம்மா."

"எண் இல்லாத எடத்துல நோவு வராதுன்னு பயிற்சியில சொல்லிக் குடுத்திருக்காவ."

வேறு வழி தெரியாமல் பீர் முகம்மது படத்து வேட்டியின் மேல் விரலை வைத்தார். எங்கோ ஒரு மணி அடித்தது. காவலாளி செந்தூர்பாண்டி ஓடி வந்தார்.

"என்னவே, வேட்டியில கைய வைக்கீரு. பொம்பளையாளுவ நிக்காவ, தெரியல?"

ரசீது மேசையின் காலைப் பிடித்துக்கொண்டு மடங்கி உட்கார்ந்தான். அவன் நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. சந்தனமாரி அவனைப் பார்த்தாள். விதிகளில் இல்லாத ஒன்றைச் செய்தாள்; குரலைத் தாழ்த்தினாள்.

"மேல போனா பதினொண்ணு, கீழ போனா பன்னெண்டு. எது கிட்டக்கன்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க. பதினொண்ணுல பேதிக்காரவ நெறைய. பன்னெண்டுல படுக்கவாச்சும் பெஞ்சு இருக்கும்."

பீர் முகம்மது படத்தைத் தொடாமல் ஒரு விரற்கடை தள்ளிக் காற்றில் சாண் வைத்து அளந்தார். கை தொட்டுவிடாமல் செந்தூர்பாண்டி பக்கத்தில் நின்று கவனித்துக்கொண்டார். அளவு ஏறக்குறைய சமமாக இருந்தது. அவர் பன்னிரண்டைத் தொட்டார்.

பன்னிரண்டாம் வரிசையில் சுமார் முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் முழங்காலில் உறை போட்டிருந்தார்கள். சிலர் கால்சட்டைக்கு மேல், சிலர் சேலைக்கு மேல். புதிதாகக் கல்யாணமான ஒரு கணவனும் மனைவியும் நடுவில் ஓர் இடம் விட்டு, ஆளுக்கு ஓர் உறையோடு உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கே யாரும் நொண்டவில்லை என்பதைப் பீர் முகம்மது பிறகுதான் கவனித்தார். ரசீதைப் பார்த்ததும் ஓர் அம்மாள் சட்டென்று எழுந்து, பெஞ்சில் இருந்த மற்றவர்களையும் எழுப்பிவிட்டு, அவனைப் படுக்கச் சொன்னார். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பிரம்மநாயகி அவர்.

"ஒங்களுக்கு முழங்கால் வலியாச்சே, நிக்கீயளே," என்றார் பீர் முகம்மது.

"முழங்கால் வலிக்கல அண்ணாச்சி. ஆனா ரெண்டு வருசமா அதுக்குத்தான் பாக்காவ." அவர் ரசீதின் கைகள் எங்கே இறுகிக் கிடக்கின்றன என்பதைப் பார்த்தார். வேறு எதுவும் கேட்கவில்லை. தன் பையிலிருந்த துண்டை எடுத்து அவன் மேல் போர்த்தினார். "டாக்டருமார் எல்லாரையும் விழாவுக்குக் கூட்டிட்டுப் போயி ஒக்கார வச்சிருக்காவ. சென்னையிலேருந்து யாரோ வந்து விருது குடுக்காவளாம்."

உதவியாளன் ஒருவன் வந்தான். ரசீதின் இரண்டு முழங்கால்களிலும் உறையை மாட்டினான்.

"தம்பி, வலி அங்கன இல்ல," என்றார் பீர் முகம்மது.

"கணினியில பன்னெண்டுன்னுதான வந்திருக்கு. மனுசன் மாத்திச் சொல்லுவான், எண்ணு மாத்திச் சொல்லுமா? மாத்திப் போட இன்னொரு உறை இந்தாங்க. அடுத்த வாரம் வாங்க."

ரசீது கண்ணைத் திறந்தான். "வாப்பா, வலி கொஞ்சம் கொறஞ்ச மாதிரி இருக்கு."

"பாத்தீயளா," என்றான் உதவியாளன். "உறை போட்டு ஒரு நிமிசம்கூட ஆகல."

பேட்டை டாக்டர் கடைசியாகச் சொன்னது பீர் முகம்மதுக்கு நினைவு வந்தது. கையிலிருந்த உறையைக் கீழே வைக்கவும் மறந்து எழுந்தார். "அம்மா, இவனப் பாத்துக்கிடுங்க," என்று பிரம்மநாயகியிடம் சொல்லிவிட்டு, வரும் வழியில் பலகையில் பார்த்திருந்த கண்ணிய அலுவலரின் அறையை நோக்கி ஓடினார்.

கண்ணிய அலுவலர் அப்பாத்துரை விழாவுக்குப் புறப்படுவதற்காகத் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டிருந்தார். பொறுமையான மனிதர், வருகிறவரை நிற்க வைத்துப் பேச மாட்டார்.

"உட்காருங்க. பதறாதீங்க. என்ன விஷயம்னு நான் கேக்க மாட்டேன்."

"சார், எம் மவனுக்கு அந்த எடத்துல…"

"அந்த இடம்னா எந்த இடம்னும் கேக்க மாட்டேன். கேட்டா நீங்க சொல்லிருவீங்க. நீங்க சொன்னா நான் கேட்டவன் ஆயிருவேன். முப்பத்தஞ்சு வருஷம் அரசாங்க உத்தியோகம் பார்த்தேன், ஒரு ஆள்கிட்டேயும் ஒரு விஷயத்தையும் நான் முழுசாக் கேட்டதில்லை. அதனாலதான் இந்தப் பொறுப்பை எங்கிட்டக் குடுத்தாங்க."

"சிவசண்முகம் டாக்டரக் கூப்பிட்டாப் போதும் சார். நேரம் ஆயிட்டே இருக்கு."

அப்பாத்துரையின் முகம் மலர்ந்தது. "அருமையான சர்ஜன். வெளிநாட்டுல படிச்சவர். அவருக்குத் தனி அறை, தனி ஆபரேஷன் தியேட்டர் எல்லாம் குடுத்திருக்கோம். கதவுல பேர்ப் பலகை மட்டும் கிடையாது. போட்டா எதுக்கு டாக்டர்னு எழுதணும் பாருங்க. இப்படி ஒருத்தர் நம்மகிட்ட இருக்கார்ங்கறது பெருமை. இதுவரைக்கும் ஒரு நோயாளிகூட அவரைத் தேடிப் போனதில்லைங்கறது அதைவிடப் பெருமை."

"நான் இப்பப் போறேன் சார். எங்கன இருக்காரு?"

"போகலாம். உங்க எண் என்ன?"

"பன்னெண்டு."

"பன்னெண்டு முழங்கால். முழங்காலுக்கு அவரைப் பார்க்க முடியாதே. உங்க குறையை எழுத்து மூலமாக் குடுங்க, வாயால சொல்ற பேச்சே வேண்டாம். வியாழக்கிழமை குழு கூடும். அதுல எழுத்தையும் படிக்க மாட்டோம், கவரைப் பிரிக்காமலே முடிவெடுப்போம். அவ்வளவு ரகசியம் காக்கிறோம்."

அவர் சொல்லி முடிக்கும்போது பீர் முகம்மது நாற்காலியில் இல்லை.

நடையெங்கும் ஒலிபெருக்கிகள் இருந்தன. விழா நடக்கும் மண்டபத்திலிருந்து குமரகுருபரனின் குரல் ஒவ்வொரு வரிசைக்கும், ஒவ்வொரு படுக்கைக்கும் போய்க்கொண்டிருந்தது. ஓடிக்கொண்டிருந்த பீர் முகம்மதின் காதிலும் அது விழுந்தது.

"பெரியோர்களே, ஒரு புள்ளிவிவரம் சொல்கிறேன். மூன்று ஆண்டுகளாக இந்த மருத்துவமனையில் அந்த வகை நோய் ஒன்றுகூடப் பதிவாகவில்லை. ஒன்றுகூட! மற்ற மருத்துவமனைகளில் ஆயிரக்கணக்கில் வருகிறதாம். ஏன்? அங்கே கேட்கிறார்கள். கேட்பதால் வருகிறது. அதே காலத்தில் இங்கே முழங்கால் நோயாளிகள் எட்டு மடங்கு பெருகியிருக்கிறார்கள். இதன் பொருள் என்ன? நம் மக்கள் மானத்தோடு நடக்கிறார்கள், நிறைய நடக்கிறார்கள்!"

கைதட்டல் கேட்டது.

மண்டப வாசலில் செந்தூர்பாண்டி நின்றார். விழா தொடங்கியதும் அவரை இங்கே மாற்றியிருந்தார்கள். கையை நீட்டி மறித்தார்.

"உள்ள விடக் கூடாது வே. அழைப்பு இருக்கவங்கதான் போகணும்."

"எம் மவனுக்கு இப்ப வலிகூட இல்லைங்கான், அண்ணாச்சி," என்றார் பீர் முகம்மது.

செந்தூர்பாண்டிக்கு அதன் அர்த்தம் தெரியாது. வலி இல்லையென்றால் நல்லதுதானே என்றுதான் அவருக்குத் தோன்றியிருக்கும். ஆனால் எதிரே நிற்கிற மனிதனின் முகத்தைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றி, அதற்குள் ஏதோ தேடுகிறவர்போல் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அவர் முதுகுக்குப் பின்னால் கதவு திறந்து மூடியது.

உள்ளே குளிர். வரிசை வரிசையாக வெள்ளை அங்கிகள். மேடையில் சென்னையிலிருந்து வந்த கண்ணியப் பேரவையினர் மாலையோடு உட்கார்ந்திருந்தார்கள். இவர்களில் யார் சிவசண்முகம் என்று பீர் முகம்மதுக்குத் தெரியவில்லை. அப்போது மேடையில், "அடுத்து, இந்த மருத்துவமனையால் நலம் பெற்ற பயனாளி ஒருவர் இரண்டு வார்த்தை பேசுவார்," என்று அறிவித்தார்கள். பேசுவதற்காகப் பயிற்சி கொடுத்து வைத்திருந்த பயனாளி கழிப்பறைக்குப் போயிருந்தார். விழா ஏற்பாட்டாளர் தவிப்போடு சுற்றிப் பார்த்தார். கையில் முழங்கால் உறையோடு மூச்சு வாங்க ஒருவர் நடுவில் நின்றுகொண்டிருந்தார்.

"சீக்கிரம் வாங்க," என்று அவர் கையைப் பிடித்து இழுத்து மேடையில் ஏற்றி, மைக்கைக் கொடுத்தார்.

பீர் முகம்மது மைக்கைப் பார்த்தார். எதிரே நூற்றுக்கணக்கான முகங்கள். ஆட்டோவில் சேர்த்து வைத்த தைரியம் எப்போதோ தீர்ந்துபோயிருந்தது. துண்டுக்கு அடியில் கிடந்த மகனின் முகத்தை நினைத்தார். "யா அல்லாஹ்," என்றார். அதுவும் மைக்கில் கேட்டது.

"எம் மவனுக்கு விதை முறுக்கிக்கிட்டு," என்றார் பீர் முகம்மது. "ரத்தம் போகல. பன்னெண்டாம் வரிசையில கெடக்கான். சிவசண்முகம் டாக்டர் இங்கன இருந்தா எந்திரிங்க ஐயா."

ஒலிபெருக்கிகள் அந்தச் சொல்லை மருந்தகத்துக்கும் பிரசவப் பிரிவுக்கும் சமையலறைக்கும் கொண்டு சேர்த்து முடித்தன. கூரை இடிந்து விழவில்லை. பேரவைத் தலைவர் மாலையைச் சரிசெய்துகொண்டார். குமரகுருபரன் எழுந்து, "மைக்கில் ஏதோ கோளாறு," என்றார். அவர் குரல் தெளிவாகக் கேட்டது.

கடைசி வரிசையில் ஒரு நாற்காலி சரிந்தது. ஒல்லியான ஒரு மனிதர் அங்கியை ஒரு கையால் பிடித்தபடி நடுவழியில் ஓடி வந்தார்.

"எப்பத்துலேருந்து?" என்று ஓட்டத்திலேயே கேட்டார். அந்தக் கட்டடத்தில் நோயைப் பற்றி அன்று கேட்கப்பட்ட முதல் கேள்வி அது.

"விடியறதுக்கு முன்னாடியே, ஐயா."

பன்னிரண்டாம் வரிசையில் பிரம்மநாயகி பெண்களைச் சுவர்போல் சுற்றி நிற்க வைத்து, முகத்தை வெளிப்பக்கம் திருப்பச் சொல்லியிருந்தார். ரசீதைப் பார்க்க வருகிற டாக்டருக்கு ஓர் அறை கிடைத்தது.

"தம்பி, நான் சிவசண்முகம். இது வெக்கப்படுற சமாச்சாரம் இல்ல. கை ஒடிஞ்சா காட்ட மாட்டியா? ஒன் வயசுப் பையங்களுக்கு இது வாரதுதான், நீ தப்பு ஒண்ணும் செய்யல. இப்பக் கையால விதைய மெள்ள வெளிப்பக்கமாத் திருப்பப் போறேன். கொஞ்சம் வலிக்கும். வலிச்சா எனக்குச் சந்தோசம். அலறு, பரவால்ல."

ரசீது அலறினான். சுவராக நின்ற பெண்களில் ஒருத்தி அழுதுவிட்டாள். சிவசண்முகம் நிமிர்ந்தபோது அவர் முகத்தில் எதுவும் தெரியவில்லை. "கொஞ்சம் திரும்பியிருக்கு. உள்ள போயித் திறந்து பாத்தாத்தான் உசுரு இருக்கான்னு தெரியும்," என்றார். அவனைச் சக்கரக் கட்டிலில் படுக்க வைத்து, தாமே தள்ளிக்கொண்டு போனார்.

பெயர்ப் பலகை இல்லாத கதவு மூடிக்கொண்டது. பீர் முகம்மது அதன் எதிரே தரையில் உட்கார்ந்தார். ஓதத் தெரிந்ததையெல்லாம் ஓதினார். நடுநடுவே, மகன் தன்னிடம் சொல்ல முடியாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்த நேரம்தான் அவர் கண்முன் வந்து நின்றது. அவனுக்குத் தன்னைவிடச் சுவர் நெருக்கமாக இருந்திருக்கிறது.

யாரோ பக்கத்தில் உட்காரும் ஓசை கேட்டது. பிரம்மநாயகி. முழங்கால் உறையைக் கழற்றிப் பையில் வைத்திருந்தார். கதவைப் பார்த்தபடியே சொன்னார்.

"அண்ணாச்சி, எனக்குக் கர்ப்பப்பை எறங்கியிருக்கு. இருமினா, தும்முனா கீழ வந்துருது. இத இப்பத்தான் மொதத் தடவையாச் சொல்லுதேன். அந்த டாக்டருக்கு இது பாக்கத் தெரியுமோ என்னவோ, யாருகிட்டப் போவணும்னாவது சொல்லுவாருல்லா?"

"சொல்லுவாரும்மா. அவரு கேக்குத மனுசன்."

பிரம்மநாயகிக்குப் பின்னால் ஒரு சரக்கு வண்டி ஓட்டுநர் வந்து நின்றார். விரைப்பையில் நீர் கோத்து, வண்டியில் உட்கார முடியாமல் ஒரு வருடமாகத் தவிக்கிறவர். கல்யாணமான அந்த இருவரும் வந்தார்கள். இப்போது நடுவில் இடம் விடாமல் நின்றார்கள். "வலிக்கு, அதனால கிட்டப் போகவே பயமாயிட்டு," என்று அந்தப் பெண் பிரம்மநாயகியின் காதில் சொன்னாள். மருந்தக ஊழியர் ஒருவர் வந்தார். சமையலறையிலிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள். சற்று நேரத்தில் அந்த நடை நிறைந்துவிட்டது. யாரும் தரையைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

கதவு திறந்தது. சிவசண்முகம் முகமூடியை இறக்கினார்.

"கருத்துப் போயிருந்திச்சு, பாய். கொஞ்ச நேரம் வெதுவெதுப்பான துணியில பொதிஞ்சு வச்சுக் காத்திருந்தேன். நெறம் திரும்பிட்டு. பொழச்சிட்டு. ரெண்டு பக்கமும் தைச்சு நிறுத்தியாச்சு, இனிமே சுத்தாது. நாளைக்கே இட்லி சாப்பிடுவான்."

பீர் முகம்மது உட்கார்ந்த இடத்திலேயே நெற்றியைத் தரையில் வைத்தார். எழுந்திருக்க வெகு நேரமாயிற்று. யாரும் அவரை எழுப்பவில்லை.

அவர் நிமிர்ந்தபோது நடையின் மறுமுனையில் குமரகுருபரன் வந்துகொண்டிருந்தார். கழுத்தில் விருதுப் பதக்கம் தொங்கியது. விருந்தினர்கள் சாப்பிடப் போய்விட்டிருந்தார்கள்.

"இப்படி இங்கே கூட்டம் கூடுவது முறையல்ல," என்று அவர் தொடங்கினார். "அவரவர் எண்ணுக்குரிய வரிசைக்குப் போங்கள். ஒரு நிறுவனத்தைக் கட்டுவது எளிதல்ல." யாரும் நகரவில்லை. அவர் குரலைத் தாழ்த்தினார். "நோய்களைப் பற்றி நான் அறியாதவன் அல்ல. எடுத்துக்காட்டாக, சர்க்கரை நோய் நெடுநாளாக உள்ளவர்களுக்கு, இல்லற வாழ்வில் ஒரு வகையான… அதாவது, தளர்ச்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். என் நண்பர் ஒருவருக்கு. பதினோராம் எண்ணில் காட்டினார். வயிற்றுக்கு மருந்து தந்தார்கள். வீட்டில் பேச்சுவார்த்தையே நின்றுபோயிற்று." பெயர்ப் பலகை இல்லாத கதவைப் பார்த்தார். "இதற்கெல்லாம் இவர் வைத்தியம் செய்வாரா?"

இரண்டு மணி நேரத்துக்கு முன்னால் என்றால் பீர் முகம்மது அந்த மனிதரின் சட்டையைப் பிடித்திருப்பார். இப்போது அவர் நெஞ்சில் கோபம் வைக்க இடமே இல்லை.

"செய்வாரு சார். ஒங்க கூட்டாளிய வரச் சொல்லுங்க. வெரசா வந்தா நல்லது."

குமரகுருபரன் பதக்கத்தின் நாடாவைத் திருகிக்கொண்டு நின்றார். வரிசையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். பிரம்மநாயகி தரையில் சற்று நகர்ந்து ஓர் ஆள் உட்கார இடம் விட்டார்.

"வந்துட்டாரு," என்றார் குமரகுருபரன்.